ஒரே பீடத்தில் இரண்டு மன்றாட்டுகள்

சுருளிப்பட்டிக்கு முதன்முதலாக வருகின்ற எவரும், இறைவன் இந்த மண்ணுக்கு மட்டும் ஏதோ தனிச்சலுகை காட்டியிருக்கிறார் என்றே எண்ணுவர். மேகமலைக் காடுகளிலிருந்து இறங்கிவரும் சுருளி அருவி, தென்னந்தோப்புகள், வாழைத் தோட்டங்கள், கல்தூண்களின்மேல் கம்பி இழுத்துப் படரவிட்ட திராட்சைப் பந்தல்கள், அப்பால் முல்லைப் பெரியாற்றின் நீரில் விளையும் நெல்வயல்கள் என்று கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பசுமை. ஆண்டின் எந்த மாதத்தில் வந்தாலும் யாரேனும் ஒருவருடைய பந்தலில் குலைகள் பழுத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். இத்தகைய ஊரில் இயற்கையின் சீற்றத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பசுமையின் பிறப்பே ஒரு பேரழிவில்தான் நிகழ்ந்தது என்பதை நம்முள் பலர் மறந்துவிட்டோம்.

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலையின் மேற்குச் சரிவுகளே பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றன. நம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்வது காற்று மட்டுமே. இதனை மழைமறைவுப் பகுதி என்பர். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது, சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டனர். பிழைத்தவர்களுள் பலர் கடல்கடந்து இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றனர். மலைக்கு அப்பால் பெரியாறு வீணே கடலில் கலக்க, மலைக்கு இப்பால் மனிதர் தண்ணீரின்றிச் சாகின்றனரே என்ற கேள்வி பழமையானது. அந்தக் கேள்விக்கு இனியும் விடை தராமல் தப்ப முடியாது என்ற நிலையை உண்டாக்கியது அந்தப் பஞ்சம்.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த ஆண்டு பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய அந்த அணை எளிதில் எழவில்லை. ஆற்றின் குறுக்கே எழுப்பிய தடுப்புகளைப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சலும் காலராவும் தொழிலாளரைக் கொன்றன. 1895இல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கு நோக்கித் திரும்பியது. இன்று லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவதும், வைகை வழியாக மதுரைக்கும் அதற்கு அப்பாலும் தண்ணீர் செல்வதும் அதனால்தான். பாலார்பட்டி முதலிய ஊர்களில் பென்னிகுவிக்கின் பிறந்த நாளாகிய தை மாதத்துப் பொங்கல் வேளையில் அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர். நன்று. ஆனால் பஞ்சத்தில் மாண்டவர்களுக்கும் அணைக்கட்டு வேலையில் மடிந்தவர்களுக்கும் பொங்கலிடுவார் யாருமில்லை. அவர்களுள் மிகப் பலருக்குப் பெயர்கூட எஞ்சவில்லை.

இதனை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இயற்கையின் பேரிடர் வந்து போகின்ற ஒன்று என்றே நாம் கருதுகிறோம். உண்மையில் அது நிலத்தின்மேல் எழுதிவிட்டுச் செல்கிறது. ஆறு ஓடும் திசை, எந்தப் பயிர் எங்கே விளையும் என்பது, யார் எந்த ஊரில் குடியிருப்பர் என்பது, யாருக்கு யார் அஞ்சுவர் என்பது ஆகிய எல்லாவற்றிலும் பழைய பேரிடர்களின் கையெழுத்து இருக்கிறது.

திராட்சைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் பெருமையான பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்த இனத்தை 1832ஆம் ஆண்டளவில் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரஞ்சுக் குரு என்று கூறப்படுகிறது. நற்கருணைக்குத் திராட்சை இரசம் இன்றியமையாத ஒரு திருச்சபையின் மறைபணியாளர், தாம் சென்ற நாட்டிலும் கொடியை ஊன்றியதில் வியப்பில்லை. அவர் ஊன்றிய கொடி இன்று எல்லாச் சமயத்தாருக்கும் சோறு போடுகிறது என்பதே நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆயினும் திராட்சை விவசாயியைப் போல் வானத்தைப் பார்த்து அஞ்சுபவர் வேறு யாருமிலர். கவாத்து செய்த நாளிலிருந்து பழம் பறிக்க ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும். பூக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் பூ உதிரும். பிஞ்சும் இலையும் தொடர்ந்து நனைந்திருந்தால் அடிச்சாம்பல் நோய் பற்றும். மருந்தடித்த மறுநாளே மழை பெய்தால் மருந்தும் போயிற்று, கூலியும் போயிற்று. பழுத்த நேரத்தில் மழை பெய்தாலோ வேர் உறிஞ்சிய நீரைத் தாங்க மாட்டாமல் பழம் வெடிக்கும். ஒரு பழம் வெடித்தால் குலை முழுவதும் அழுகும். நான்கு மாத உழைப்பையும் வாங்கிய கடனையும் நான்கு நாள் மழை கொண்டுபோய்விடும். நாளேட்டில் அது செய்தியாகாது. புயல் என்று பெயர் சூட்டப்படாத, கணக்கெடுக்கப்படாத சிறு பேரிடர்கள் இவை.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலிக்குச் சற்று முன்பாக நம்மிடம் இரண்டு சீட்டுகள் வந்தன. மேட்டு நிலத்தில் மானாவாரியாகச் சோளமும் மொச்சையும் விதைத்திருந்த ஒருவர், நல்ல மழை வேண்டி மன்றாடும்படி எழுதியிருந்தார். பழம் பறிக்கப் பத்து நாட்களே இருந்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், மழை வராதிருக்க மன்றாடும்படி எழுதியிருந்தார். இருவரும் ஒரே அன்பியத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே தெருவில் வசிப்பவர்கள். கோவிலில் ஒரே வரிசையில் அமர்பவர்கள். பீடத்தின் முன் நின்று இந்த இரண்டு சீட்டுகளையும் எவ்வாறு வாசிப்பது?

குருமடத்தில் தீமையின் புதிரைப் பற்றிப் பல மாதங்கள் பயின்றோம். புனித அகுஸ்தினாரும் புனித தோமா அக்குவினாரும் கூறியவற்றைத் தேர்வில் எழுதினோம். அவை பயனற்றவை என்று சொல்ல மாட்டோம். ஆயினும் இரண்டு சீட்டுகள் கையில் இருந்த அந்த நிமிடத்தில், அயலானின் மழை நமது அழிவாகவும் அயலானின் வெயில் நமது பசியாகவும் இருக்கக்கூடிய ஓர் உலகில் கடவுளை ‘எங்கள் தந்தையே’ என்று பன்மையில் அழைப்பதன் சுமை நமக்குப் புரிந்தது. இரண்டு சீட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உரக்க வாசித்தோம். மக்களிடையே மெல்லிய சிரிப்பு எழுந்து அடங்கியது. பின்னர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம்: இவ்விருவருள் யாருக்கு இழப்பு நேர்ந்தாலும் மற்றவர் அவரைக் கைவிடாதிருக்க வேண்டுமென்று. அதற்கு மட்டும் சிரிப்பு எழவில்லை.

இந்த இரட்டை மன்றாட்டு ஒரு தெருவோடு முடிவதில்லை. முல்லைப் பெரியாற்று அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்சநீதிமன்றம் 2014 மே 7ஆம் நாள் தீர்ப்பளித்தபோது நம் பள்ளத்தாக்கில் வெடி வெடித்தனர். அணை உறுதியாக உள்ளது என்ற வல்லுநர் குழுவின் முடிவை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் மலைக்கு மேற்கே, அணைக்குக் கீழே வாழும் குடும்பங்கள் மழைக்கால இரவுகளில் அச்சத்தோடு உறங்குகின்றன என்பதும் உண்மையே. அணை வற்றினால் நமக்குப் பஞ்சம். அணை நிறைந்தால் அவர்களுக்குக் கலக்கம். 2011 டிசம்பரில் இந்த அச்சமும் உரிமையுணர்வும் மோதியபோது, ஏலத்தோட்ட வேலைக்கு எல்லை கடந்து சென்றிருந்த எளிய தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டனர். இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. குமுளிக்கு இப்பாலும் அப்பாலும் அதே நற்கருணைதான் பகிரப்படுகிறது. ஒருவர் அச்சத்தை மற்றவர் செவிமடுக்கும் பொறுமை மட்டும் அன்று எங்கோ தொலைந்து போயிற்று.

2025 அக்டோபரில் பெய்த பெருமழையில் முல்லைப் பெரியாறு கரைமீறியது. ஓடைகள் பெருகின. அறுவடையை எதிர்நோக்கியிருந்த நெல்வயல்கள் நீரில் மூழ்கின. அந்த நாட்களில் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக்குச் சென்றோம். நனைந்த அரிசியைச் சாக்கில் பரப்பிக் கிளறிக்கொண்டிருந்த தாய் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “மேல வீட்டுக்குத் தண்ணி வரல சாமி. எங்க வீட்டுக்குள்ள மட்டும் எதுக்கு வந்துச்சு? நாங்க அப்படி என்ன பாவம் பண்ணுனோம்?” என்று கேட்டார். 

“நீங்க ஒரு பாவமும் பண்ணல அம்மா” என்றோம். அதற்குமேல் அந்த இடத்தில் பேசுவது முறையன்று என்று தோன்றியது. உடன் வந்த இளைஞர்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தாயின் கேள்வியோ நம்முடன் வந்துவிட்டது.

அது புதிய கேள்வியன்று. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது இதே கேள்வி ஆண்டவரின் முன்னும் நின்றது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் அதனைக் காண்கிறோம். இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற கருத்தை இயேசு ஐயத்துக்கு இடமின்றி மறுக்கிறார். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தக் கருத்து நம்மை விட்டு அகலவில்லை. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் பெருவிழாவின் காலைத் திருப்பலிக்கு மக்கள் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தகர்த்தது. பின்னர் கடலும் நெருப்பும் வந்தன. கோவிலில் இருந்தவர்களுள் பலர் மாண்டனர் என்பது ஐரோப்பாவின் அறிஞர்களையும் குருக்களையும் ஒருசேர உலுக்கியது.

நமக்கு லிஸ்பன் வரை போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. வேளாங்கண்ணியில் அன்னையை நாடி வந்த திருப்பயணிகள் பலர் கடற்கரையில் மாண்டனர். பேராலயத்துக்குள் நீர் புகவில்லை என்பதைப் பலர் புதுமையாகப் போற்றினர். அவர்களுடைய பக்தியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைக் கடலில் பறிகொடுத்த தாயின் காதில் அந்தப் புகழ்ச்சி எவ்வாறு ஒலித்திருக்கும்? ‘கடவுள் எங்களைக் காப்பாற்றினார்’ என்று நாம் நன்றி கூறும்போதெல்லாம், பக்கத்தில் காப்பாற்றப்படாத ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். நன்றியை அடக்கத்தோடு சொல்லக் கற்றுக்கொள்வதும் பிறரன்பின் ஒரு பகுதியே.

அப்படியானால் பேரிடரில் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? இங்கேதான் அந்தத் தாயின் கேள்விக்கு வேறொரு முகம் தெரிகிறது. அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வீடு ஓடையின் தாழ்ந்த கரையில் இருந்தது. மேட்டில் மனை வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பள்ளமே கிடைக்கிறது. ஓடையோ ஆண்டுக்கு ஆண்டு குறுகி, புதரும் குப்பையும் மண்டிக் கிடந்தது. மழை எல்லார்மீதும் பெய்தது. வெள்ளம் மட்டும் ஆளைத் தேர்ந்தெடுத்தது.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தபோது, தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் புதையுண்டனர். அவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மலை சரிவது இயற்கை. ஆனால் மலையடிவாரத்தில் ஓரறை வீடுகளில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருங்கி வாழ்ந்தது இயற்கையின் ஏற்பாடு அன்று. 2018 மார்ச் 11ஆம் நாள் போடிக்கு அருகே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேறச் சென்றிருந்தோருள் 23 உயிர்களைப் பலிகொண்டதும் நம் மாவட்டம் மறக்கக்கூடாத துயரம். வெயிலில் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு விரைவாக மேட்டில் ஏறும் என்பதை மலைவாழ் மக்கள் அறிவர். அவர்களைக் கேட்பார்தாம் இல்லை.

இன்னும் ஒன்று. காற்று ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். ஆகவே வெப்பமுறும் உலகில் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இடையில் நீண்ட நாட்கள் பொய்க்கிறது. சோளக்காரரும் திராட்சைக்காரரும் ஒரே பருவத்தில் நட்டமடையும் காலம் இது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியிலேயே சுற்றுச்சூழலின் சீரழிவை அறநெறிச் சிக்கலாகக் காட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் பிரிக்க முடியாதவை என்று கற்பித்தார். ஓடைக்கரை வீட்டின் நனைந்த அரிசியில் அந்த இரண்டு குரல்களும் கேட்டன.

இழப்பின் பின்னும் அதே வேற்றுமை தொடர்கிறது. நிவாரணம் கோர வேண்டுமானால் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். நிலம் ஒருவர் பெயரில் இருக்க, வாய்மொழிக் குத்தகையில் மற்றொருவர் பயிரிட்டால், அழிந்த பயிர் யாருடையது என்று காகிதம் அறியாது. குலை வெட்டிக் கழித்துப் பெட்டியில் அடுக்கும் பெண்களுக்கோ பயிரழிவு என்றால் வேலையற்ற வாரங்கள். அவர்களுடைய இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

திருச்சபை இத்தகைய நாட்களுக்கெனத் தன் மரபில் ஒரு வழி வைத்திருந்தது. 5ஆம் நூற்றாண்டில், நிலநடுக்கத்தாலும் பிற இடர்களாலும் கலங்கிய வியென் நகரின் ஆயர் புனித மமேர்த்துஸ், ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்திய மூன்று நாட்களை நோன்பும் மன்றாட்டுப் பவனியுமாகக் கடைப்பிடிக்கச் செய்தார். பின்னர் அது மேலைத் திருச்சபை எங்கும் பரவியது. மக்கள் கோவிலை விட்டு வெளியேறி வயல் வரப்புகளில் நடந்து மன்றாடினர். நம் ஊர்களிலும் பெரியோர் சிலர் அதனை நினைவுகூர்வர். அந்தப் பவனியின் சிறப்பு வேறொன்றிலும் உண்டு என்று எண்ணுகிறோம். ஊரார் எல்லாரும் எல்லாருடைய வயலையும் ஒருமுறை கண்ணால் கண்டனர். யாருடைய கரை உடைந்திருக்கிறது, யாருடைய பயிர் வாடியிருக்கிறது என்பதை அறிந்த பின்னரே வீடு திரும்பினர்.

நம் காலத்துக்கு ஏற்ப இதனை மீண்டும் தொடங்கலாகாதா? மழைக்காலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, அன்பியத்தார் செபமாலையும் மண்வெட்டியும் ஏந்தி ஓடை நெடுகிலும் நடக்கலாம். அடைப்பை நீக்கலாம். தாழ்ந்த வீடுகளில் முதியோரும் நோயாளரும் யார் யார் என்று குறித்துக்கொள்ளலாம். இதற்குச் சமய வேற்றுமை தேவையில்லை. அமாவாசை நாட்களில் சுருளி அருவியில் முன்னோருக்குக் கடன் செய்ய வரும் இந்துச் சகோதரரும் நாமும் குடிப்பது ஒரே மலையின் நீர். நவம்பர் 2ஆம் நாள் கல்லறையில் நம் உற்றாருக்காகச் செபிக்கும்போது, தாது வருடத்தில் மாண்டவரையும், அணை கட்டியபோது மாண்டவரையும், பெட்டிமுடியில் புதைந்தவரையும் ஒரு நிமிடம் நினைவுகூரலாம்.

சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசிய உடனே ஆண்டவர் கூறிய உவமையை நாம் பெரும்பாலும் தனியே பிரித்து வாசிக்கிறோம். திராட்சைத் தோட்டத்தில் நடப்பட்ட ஓர் அத்திமரம் மூன்று ஆண்டுகளாகக் காய்க்கவில்லை. வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ, இந்த ஓராண்டு மட்டும் பொறுத்துக்கொள்ளும். சுற்றிலும் கொத்தி எருவிடுகிறேன் என்று மன்றாடுகிறார். இறந்தவர்கள் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு ஆண்டவர் விளக்கம் தரவில்லை. உயிரோடிருப்பவர்களிடம் மனம்மாறக் கேட்கிறார். அதற்குக் கால அவகாசமும், கையில் ஒரு மண்வெட்டியும் தருகிறார். அந்தத் தாயிடம் அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்வதானால், இதைத்தான் சொல்வோம்: வெள்ளம் உங்கள் பாவத்தின் சம்பளம் அன்று அம்மா; உங்கள் வீட்டைப் பள்ளத்தில் விட்டுவைத்த எங்களுக்கு அது அழைப்பு.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. சோளம் முளைத்தது, திராட்சை வெடித்தது. சோள விதைப்பு முடிந்த கையோடு, மேட்டு நிலத்துக்காரர் தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்குச் சென்று, அழுகிய குலைகளை வெட்டி அகற்றக் கூலியின்றி மூன்று நாள் உழைத்தார் என்று பின்னர் கேள்வியுற்றோம். திராட்சைக்காரர் அடுத்த கவாத்துக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.